அழகியும் அழுகியும்: ஏற்காட்டுக்குப் போய் வந்த கதை

மே 15, வியாழன். சேலம்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பகல் 12 மணி. கத்திரி வெயில் தஞ்சாவூர்க்காரிக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் வெயில் மேலிருந்து மட்டும்தான் அடிக்கும். இங்கே சுற்றிலும் மலைகள் நின்றுகொண்டு அதைத் திருப்பியும் அடிக்கின்றன. ஆட்டோவுக்கு 180 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேச நாக்கில் ஈரமில்லை.

பெரியம்மா மகள் கூப்பிட்டிருந்தாள். "நாலு நாள் லீவு போட்டுட்டு வா. கணக்கு எழுத ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்." இருபது வருஷமாக ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர்களின் ரசீதுகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான். நம்பிக்கை என்ற வார்த்தையைக் கேட்டதும் மயங்கிவிட்டேன். எதற்குக் கணக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் சொன்னாள். ஏற்காட்டில் அழகிப் போட்டியாம். நடத்துவது அவளாம்.

அக்காவுக்கு இப்போது 48 வயது. கட்டட என்ஜினீயர். ஒரு வீட்டுக்கு எத்தனை கம்பி, என்ன தடிமன், எவ்வளவு இடைவெளி என்று முடிவு செய்கிற வேலை. சேலத்தில் பாதிப் பேர் அவள் போட்ட தளத்துக்குக் கீழேதான் தூங்குகிறார்கள் என்று பெரியம்மா பீற்றிக்கொள்வாள். கிரீடக் கதையை மட்டும் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதற்குக் காரணம் பெரியப்பா.

1996 நவம்பரில் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். பெரியப்பா தினமும் பேப்பரை உரக்கப் படிப்பார், "கலிகாலம்" என்று மடித்து வைப்பார். அது முடிந்து மூன்றே மாதத்தில் கல்லூரி விழாவில் அக்கா தலையில் ஒரு பிளாஸ்டிக் கிரீடம். பெரியப்பா ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. செமஸ்டர் ஃபீஸ் மட்டும் மேஜையில் தானாக வந்து உட்காரும். மறு வருஷம் சென்னையில் ஒரு பெரிய போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். அந்த வெற்றியை வீட்டில் சொல்லக்கூட இல்லை. எனக்கு மட்டும் இன்லேண்ட் லெட்டர் போட்டாள்.

சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடப் போனோம். இதற்காகவே இன்னொரு தடவை சேலம் வருவேன். உள்ளங்கை அகலத்தில் இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. மொத்தத்தையும் ஒரே வாயில் தள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் புடவை பாழ். செட் 30 ரூபாய். பிறகு நொறுக்கல் என்று ஒன்று, அதே சமாசாரத்தைக் கையால் உடைத்துக் கலந்து தருவது. "காரம் தூக்கலாப் போடட்டுங்களா கண்ணு?" என்றார் கடைக்காரர். எனக்கு 44 வயது. கண்ணு என்று கூப்பிட்டதற்காகவே சரி என்றேன். அப்புறம் கண்ணில் தண்ணீர்தான்.

வழியில் ஒரு எம்ப்ராய்டரிக் கடையில் வெற்றி பெறுபவர்களுக்குத் தோளில் குறுக்காகப் போடுகிற, பட்டம் தைத்த மூன்று சாஷ்களை வாங்கிக்கொண்டோம். ஒன்று 650 ரூபாய், ரசீதோடு. பிளாஸ்டிக் உறையில் மடித்து ஒட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்க்கவில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 16, வெள்ளி. மேலே

காலை 7 மணிக்கே கிளம்பினோம். காரில் அக்கா, நான், போட்டிக்கு வருகிற இரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தியின் அம்மா. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோவில் மிச்சம் அதுதான். பின்சீட்டில் இருந்த பெண் அதன் முன்னால் செல்ஃபி எடுக்க வேண்டும் என்றாள். இறங்கி எடுத்தோம்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஐந்தாவது வளைவில் எனக்குக் காது அடைத்தது. பதினான்காவதில் அந்த அம்மாவுக்கு வாந்தி. ஓட்டுநர் அண்ணன் ஒன்றும் பேசாமல் டேஷ்போர்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து நீட்டினார். "தினம் ஒருத்தராச்சும் உண்டுங்க" என்றார். சங்கடப்படவும் விடவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. அந்தப் பக்குவம் எல்லாருக்கும் வராது.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று அக்காவைக் கேட்டேன். கிரீடம் வைத்துக்கொண்டது சரி, இருபத்தைந்து வருஷம் கழித்து அடுத்தவர் தலையில் வைப்பானேன்? அவள் ஷாம்சி சுப்சுப்-லீயில் ஆரம்பித்தாள். பிலிப்பைன்ஸ் பெண். படித்தது கட்டடக்கலை. 2010-ல் அந்த நாட்டின் கட்டடக் கலைஞர் உரிமத் தேர்வில் முதலிடம். அடுத்த வருஷமே சாவ் பாவ்லோவில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் ஐவரில் ஒருத்தியாக நின்று, மூன்றாவது ரன்னர்-அப். காதலிக்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்ள மதம் மாறுவாயா என்று மேடையில் கேட்டார்கள். மாறமாட்டேன், என் முதல் அன்பு கடவுளிடம் என்று சொன்னாள். கிரீடம் அங்கோலாவின் லெய்லா லோப்பஸுக்குப் போனது.

"இதுல என்ன இருக்கு?"

"இனிமேதான் இருக்கு" என்றாள். பிரபஞ்ச அழகிக்குப் பெண்ணை அனுப்புவதற்கென்று பிலிப்பைன்ஸில் தனி அமைப்பு உருவானபோது அதன் தேசிய இயக்குநர் ஷாம்சிதான். முதல் போட்டி 2020 அக்டோபரில், கொரோனாவுக்கு நடுவில். நடத்திய இடம் பாகியோ. "பாகியோ எது தெரியுமா? அவங்க ஊரு ஏற்காடு. அதுவும் ஐயாயிரம் அடி மலை, அங்கேயும் பனி. பார்வையாளர் இல்லாம, கொரோனா டெஸ்ட் எடுத்து எடுத்து நடத்தி முடிச்சா. அவ வேலையும் என் வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு தோணுச்சு."

மெக்சிகோவின் லுப்பிட்டா ஜோன்ஸ் பற்றியும் சொன்னாள். 1991-ல் அந்த நாட்டின் முதல் பிரபஞ்ச அழகி, பிறகு வருஷக்கணக்காக அங்கே அழகிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர். இதற்குள் இருபதாவது வளைவு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் குளிர். கீழே 38 டிகிரி, மேலே 25 இருக்கலாம். சாலையோரம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்து ஏறுகிற மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடிகள். 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர். அவர் நட்ட ஊரில் எங்களுக்குக் கிடைத்தது, தங்கிய இடத்தில், 40 ரூபாய்க்கு ஒரு கப் இன்ஸ்டன்ட் காப்பி. கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் பக்கத்து ஊர்க்காரியிடம் இதைச் செய்யலாமா?

மத்தியானம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். குளிரில் அது வேறு ருசி. பிளேட் 40 ரூபாய். ஐந்தாவது பஜ்ஜியை நான் கேட்கவில்லை, கடைக்கார அம்மாவாகவே போட்டார். "தனியா வந்திருக்கீங்க" என்பது காரணம்.

மூன்று மணிக்குப் பெண்கள் 14 பேரும் அவர்கள் வீட்டு ஆட்களும் கூடினார்கள். நான் நினைத்து வந்தது வேறு கூட்டம். இருந்தவர்கள்: ஒரு நர்ஸ், பி.காம் படிக்கிற இரண்டு பேர், எஸ்.ஐ. தேர்வுக்குத் தயாராகிற ஒருத்தி, பிசியோதெரபி மாணவி, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற வீட்டுப் பெண், 34 வயதில் ஏழு வயசுப் பையனோடு வந்த ஒரு டீச்சர். கல்யாணமானவர்கள் கலந்துகொள்ளலாமா என்று ஒரு அப்பா இழுத்தார். "பிரபஞ்ச அழகியிலேயே 2023-லேருந்து கல்யாணமானவங்க, அம்மாக்கள் வரலாம். அடுத்த வருஷம் வயசு வரம்பையும் எடுத்துட்டாங்க. நான் மட்டும் எதுக்குங்க பிடிச்சுத் தொங்கணும்?" என்றாள் அக்கா.

அவளுடைய விதிகள் ஒரே பக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. உடை மாற்றும் அறைக்குள் அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாம், ஸ்பான்சர் இருக்கக் கூடாது. பெண்களின் போன் நம்பர் யாருக்கும் தரப்படாது. நீச்சலுடை இல்லை. இந்தக் கடைசி விதியைக் கேட்டு ஒரு அம்மா பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. "அமெரிக்காவுலயே மிஸ் அமெரிக்காவுல 2018-ல எடுத்துட்டாங்கம்மா. எடுத்தது யாரு? 1989-ல அந்தக் கிரீடத்தை வெச்சிருந்த கிரெட்சன் கார்ல்சன். டிவி பத்திரிகையாளரா இருந்துட்டுத் தலைவியா வந்தாங்க" என்றாள். அந்த அம்மாவுக்கு அமெரிக்கா பற்றி அக்கறை இல்லை. "அப்ப புடவை உண்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கட்டணம் பற்றி ராத்திரி தனியாகச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன் வேறொரு ஏற்பாட்டாளர் நடத்திய போட்டிக்கு இவளை ஜட்ஜாகக் கூப்பிட்டார்களாம். ஒவ்வொரு பெண்ணிடமும் 15,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். ஜெயிக்கப்போவது யார் என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இவள் மார்க் ஷீட்டை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மே 17, சனி. மழை, மேடை, ஒரு சுழி

காலையில் லேடீஸ் சீட் போனேன். பனி. கீழே சேலம் தெரிய வேண்டும், தெரியவில்லை. பத்து நிமிஷம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம், "அதோ அங்கதான் நம்ம வீடு" என்று குழந்தைக்குப் பனியைக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் அக்காவுக்கும் பந்தல்காரருக்கும் வாக்குவாதம். இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் பலகை, அதன் மேல் சிவப்புக் கம்பளம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கம்பளத்தைச் சுருட்டச் சொல்லியிருக்கிறாள் அக்கா. அவருக்கு ரோஷம். "மேடம், கல்யாணத்துக்கெல்லாம் இதே மேடைதாங்க. நூறு பேரு ஏறி போட்டோ எடுக்கறாங்க."

"நூறு பேரு பாதத்தை ஊனி நிப்பாங்க அண்ணே. இந்தப் பொண்ணுங்க குதிகால்ல நிக்கப்போறாங்க. அம்பது கிலோ, ஒரு ரூபா காசு அளவு கூட இல்லாத இடத்துல."

அவர் யோசித்தார். கம்பளம் சுருண்டது.

முதலில் வெறுங்காலோடு முழு மேடையையும் நடந்தாள். அப்புறம் பையிலிருந்து மூன்று அங்குல ஹீல்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டாள். காட்டன் சேலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, நரை ஓடிய கொண்டை, கீழே அந்தச் செருப்பு. சிரிக்கத்தான் வந்தேன். அவள் நடக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முதுகு நிமிர்ந்தது, தோள் இறங்கியது, 1997 வந்துவிட்டது. ஆனால் முகம் மட்டும் எதிரே யாரையும் பார்க்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக். ஒரு இடத்தில் டொப். நின்றாள். குனிந்து சாக்பீஸால் ஒரு வட்டம். தளத்தில் வெடிப்பைக் குறிக்கிற அதே வட்டம். இப்படி ஏழு வட்டம். இரண்டு பலகை சேர்கிற இடத்தில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதற்கு வட்டம் போடவில்லை, விரலை விட்டுக் காட்டினாள்.

சென்னைப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தது அப்படி ஒரு இடைவெளியால்தானாம். கடைசி நடையில் குதிகால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு கால் உயரம் ஒரு கால் தாழ்வாக, சிரித்துக்கொண்டே நடந்து முடித்திருக்கிறாள். எனக்கு எழுதிய கடிதத்தில் இது இல்லை. பந்தல்காரர்தான் பாவம், "அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே" என்று முட்டுக் கொடுக்க ஆள் அனுப்பினார்.

நாலரை மணிக்கு இடி. அப்புறம் ஆலங்கட்டி மழை. கொண்டைக்கடலை அளவில் ஐஸ் விழுந்து முற்றம் வெள்ளையானது. டீச்சரின் பையன் டம்ளரில் பிடித்து ஐந்து பேருக்கு விநியோகம் செய்தான். ஆறேகாலுக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டீசல் வாங்கப் போனவர் மரம் விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் சாஷ் உறைகளைப் பிரித்தேன். மெரூன் சாட்டின், தங்க நூல், அழகான எழுத்து. போன் வெளிச்சத்தில் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

முதல் அழுகி.

இரண்டாவதைப் பிரித்தேன். இரண்டாம் அழுகி. மூன்றாவதும் அப்படியே. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய, தப்பிலும் ஒரு சீர் இருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நீட்டினேன். பார்த்தாள். மேடையில் வராத சிரிப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாம்பழ சீசன்ல, அதுவும் சேலத்துல" என்றாள்.

கடைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கீழே போய் வேறு தைத்து வர வழியில்லை. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாஷை உற்றுப் பார்த்தோம். கொலுசு வீட்டுப் பெண்தான் கண்டுபிடித்தாள். "மேடம், ஒண்ணும் சேர்க்க வேண்டாம். எடுத்தாப் போதும்." உண்மைதான். ழு-வுக்கும் ழ-வுக்கும் நடுவே இருப்பது அடியில் ஒரு சுழி. அந்தச் சுழியை மட்டும் பிரித்துவிட்டால் அழுகி அழகியாகிவிடுவாள்.

மெழுகுவர்த்தி, இரண்டு போன், ஒரு ஊசி, ஒரு பிளேடு. அவள் ஊசி முனையால் தையலைத் தூக்க, நான் பிளேடால் வெட்ட, நூல் நூலாக வந்தது. கம்பியை வளைத்துப் பழகிய கை, கொஞ்சமும் நடுங்கவில்லை. மூன்று சாஷுக்கும் ஒன்றரை மணி நேரம். சாட்டினில் ஊசித்துளைகள் தெரிந்தன. நர்ஸ் பெண் நகத்தால் நீவி நீவி அவற்றை மூடினாள். போட்டியாளர்களே தங்கள் சாஷைத் திருத்துவது எந்த விதியில் வரும் என்று தெரியவில்லை. அக்கா தன் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் இல்லை.

கரண்ட் இரவு 10:40-க்கு வந்தது. ரசமும் சோறும் அப்பளமும்தான் இருந்தன. இந்தப் பயணத்திலேயே ருசியான சாப்பாடு அதுதான்.

மே 18, ஞாயிறு. போட்டி

வெயில் வந்துவிட்டது. 10 மணி என்று போட்டு 11:20-க்குத் தொடங்கியது. புடவைச் சுற்றில் பாதிப் பேர் சேலம் வெண்பட்டு. எனக்குக் கொடுத்த மேஜை ஜட்ஜ்கள் பக்கத்தில். கால்குலேட்டரில் மார்க் கூட்டுவது என் வேலை.

மார்க் ஷீட்டில் ஒரு கட்டம், முகத்தோற்றம், 20 மார்க். மற்றதையெல்லாம் கூட்டிவிட்டேன். அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் கை தயங்கியது. 34 வயது டீச்சருக்கு ஒருவர் 11 போட்டிருந்தார். பதினொன்று என்றால் எதில் ஒன்பது குறைகிறது? டீ இடைவேளையில் அக்காவிடம் கேட்டேன். "எனக்கும் பிடிக்கல" என்றாள். "போன வருஷம் 40 இருந்துச்சு. மொத்தமா எடுத்துட்டா ஸ்பான்சர் போயிடுவான்." சமாதானம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நானும் சமாதானம் ஆகவில்லை.

கேள்விச் சுற்று. படிப்பா, கிரீடமா என்ற கேள்விக்கு நர்ஸ் பெண், ரீட்டா ஃபாரியா 1966-ல் உலக அழகியானார், அப்போது அவர் மருத்துவ மாணவி, பிறகு டாக்டராகவே வாழ்ந்தார் என்றாள். நல்ல பதில். மனப்பாடம் செய்த பதில் என்பதும் தெரிந்தது. கொலுசுப் பெண்ணிடம் பிடிக்காத நகை எது என்றார்கள். "கொலுசுங்க" என்றாள் உடனே. "நடந்தா பட்டறைச் சத்தம் கேக்குது. லீவு நாள்ல கூட வேலைக்கு வந்த மாதிரி இருக்கு." மண்டபம் குலுங்கியது.

என் கணக்குப்படி முதல் பரிசு அவளுக்கு. ஜட்ஜ்கள் கணக்குப்படி பிசியோதெரபி மாணவிக்கு, இரண்டரை மார்க் வித்தியாசத்தில். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் தப்பில்லை.

அக்கா சாஷ் போடும்போது எனக்கு எழுத்து மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் அழகி. துளைகள் தெரியவில்லை. மேடையில் ஒரு டொப் கூடக் கேட்கவில்லை.

முடிந்த பிறகு கொலுசுப் பெண்ணின் அப்பா மேடைப் பக்கம் வந்தார். மகள் தலையிலிருந்து கிரீடத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். திருப்பி, ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். "பித்தளைங்க" என்றார் அக்காவிடம், நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்ற கவலையோடு. "இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"1,800."

"அடடா" என்று தலையில் கை வைத்தார். "கல்லு எல்லாம் கோந்துல நிக்குது. அடுத்த வருஷம் சொல்லுங்க, கூலி வேண்டாம், வெள்ளி மட்டும் வாங்கிக் குடுங்க." அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இறங்கும்போது கூட்டம் அதிகம் என்று குப்பனூர் வழியாக வந்தோம். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றிய அரை மணி நேரம் சாலையோரத்தில் ஒரு பாட்டியிடம் பலாச்சுளை வாங்கினோம், பத்து சுளை 50 ரூபாய். பாட்டி அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து, "நகத்துக்கு என்னமோ பூசியிருக்க, கையி கொத்து வேலைக்காரி கையாட்டம் இருக்கே" என்றார். அவள் அதற்கும் சிரித்தாள்.

மே 19, திங்கள். சேலம்

காலை 6 மணிக்கே அக்கா போய்விட்டாள். எங்கோ தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்களாம். நான் செவ்வாய்ப்பேட்டை போய் அம்மாவுக்கு ஒரு மெட்டி வாங்கினேன். அப்புறம் மாம்பழம், இமாம் பசந்த் கிலோ 180, மல்கோவா 140. மல்கோவாவில் ஒன்றின் காம்பு மட்டும் கொஞ்சம் அழுகியிருந்தது. சிரித்துவிட்டேன். விற்றவர் பயந்துபோய் மாற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பெரியப்பா திண்ணையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "யாரு ஜெயிச்சா?"

சொன்னேன்.

"அந்தப் பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"அம்மா கூடவே இருந்தாங்க பெரியப்பா."

தலையாட்டினார். மல்கோவாவை வாங்கி, தோலோடு கீறி, சதையைக் கிண்ணத்தில் போட்டார். கொட்டையைத் தனியாக ஒரு தட்டில் வைத்து மூடினார். கொட்டையைச் சப்புவது அந்த வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான்.

"மேடை சரியா இருந்துச்சா?" என்றார்.